ஸ்ட்ரோலர் வாங்குகிறவர்கள் முதலில் மாடிப்படியைப் பாருங்கள்

கடையில் எந்த ஸ்ட்ரோலரைத் தள்ளினாலும் நன்றாகத்தான் ஓடும். தரை வழவழவென்று இருக்கும். வண்டிக்குள் குழந்தை இல்லை, கூடையில் சாமான் இல்லை, தள்ளுகிறவர் தோளில் டயப்பர் பை இல்லை, ராத்திரியெல்லாம் தூங்காத கண் எரிச்சல் இல்லை. விற்பனையாளர் ஒற்றை விரலால் தள்ளிக் காட்டுவார். நாமும் ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்து 'அட' என்போம். அதற்கப்புறம் பேச்சு நிறத்துக்கும் பால்புட்டி வைக்கும் வளையத்துக்கும் போய்விடும். மாசமாக இருந்தபோது நானும் என் கணவரும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இப்படித்தான் செலவழித்தோம். அன்றைக்கு யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து, "இதை யார் தூக்கப் போறா? எத்தனை படி ஏறணும்?" என்று மட்டும் கேட்டிருந்தால் போதும். யாரும் கேட்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து இவ்வளவையும் எழுதுகிறேன்.

நாங்கள் வாங்கியது டிராவல் சிஸ்டம் என்று சொல்கிற வகை. சக்கரம் வைத்த சட்டம் ஒன்று; அதன் மேல் மூன்று விதமாக மாட்டிக்கொள்ளலாம். பிறந்த குழந்தை மல்லாந்து படுக்க ஒரு கேரிகாட், உட்காரும் வயது வந்ததும் இருக்கை, காரிலிருந்து அப்படியே கழற்றி மாட்டும் குழந்தைக்கான கார் சீட். "இது ஒண்ணு வாங்கிட்டீங்கன்னா நாலு வயசு வரைக்கும் வேற எதையும் தேட வேண்டாம் மேடம்" என்றார் கடைக்காரர். விலை என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிப் போனது. நாலு வருஷத்துக்குப் பிரித்துப் பார்த்தால் பரவாயில்லை என்று இருவரும் மனசைத் தேற்றிக்கொண்டோம். அந்த வண்டி எங்கள் வீட்டில் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை.

பிரசவம் சிசேரியனில் முடிந்தது. 6 வாரம் வரைக்கும் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். விடுப்பு முடிந்து கணவர் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டார். அம்மாவும் கூட இருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். தடுப்பூசி போட நானும் மகளும் மட்டும் புறப்பட்டோம். எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் நாலு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற பழைய லிஃப்ட். விரித்த வண்டியை உள்ளே தள்ளினேன். முன்சக்கரம் போனது. பின்சக்கரம் இரண்டும் கதவின் இரண்டு பக்கமும் இடித்து நின்றுவிட்டது. திருப்பி, பின்பக்கமாக இழுத்துப் பார்த்தேன். அதே இடி. மடித்துத்தான் ஆக வேண்டும். மடிக்க வேண்டுமென்றால் முதலில் கேரிகாட்டைக் கழற்ற வேண்டும். கழற்றி எங்கே வைப்பது? தரையில்தான். குழந்தையோடு கேரிகாட்டை லிஃப்ட் வாசலில் இறக்கி வைத்தேன். சட்டத்தின் இரண்டு பக்கமும் இருக்கிற பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தி மடித்து, தூக்கி உள்ளே சாய்த்து வைக்கும்போது கதவு மூட ஆரம்பித்தது. காலை நீட்டித் தடுத்தேன். சாய்த்து வைத்த சட்டம் சரிந்து முழங்காலில் விழுந்தது. வெளியே தரையில் மகள் அலறுகிறாள். தையல் போட்ட இடம் சுரீரென்று இழுக்கிறது. லிஃப்டுக்குள் நின்று அழுதேன். வலி பாதி, இத்தனை காசு கொடுத்து வாங்கிய சாமானைக் கீழே கொண்டுபோக வக்கில்லையே என்ற ஆத்திரம் பாதி.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கையேட்டை எடுத்துப் படித்தேன். கடையில் சொன்னது 9 கிலோ. அது வெறும் சட்டத்தின் எடையாம். இருக்கை, வெயிலை மறைக்கும் ஹூட் என்கிற மேல்மூடி, கூடை எல்லாம் மாட்டினால் 13 கிலோ. அதற்கு மேல் குழந்தை. பிறந்தபோது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது, பத்து கிலோ ஆகிவிடும். ஆகவே எடையைக் கேட்கும்போது "வண்டி எத்தனை கிலோ?" என்று மட்டும் கேட்காதீர்கள். "குழந்தையை உட்கார வைக்கிற மாதிரி எல்லாத்தையும் மாட்டின பிறகு எத்தனை கிலோ?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கேயே ஒரு தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காசு கொடுப்பது நாம்தானே, கூச்சம் எதற்கு?

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டியது இன்னொன்று உண்டு. இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாகப் போய்வரும் பாதையை ஒருமுறை அளந்துவிடுங்கள். லிஃப்ட் கதவு முழுசாகத் திறந்திருக்கும்போது உள்ள இடைவெளி, லிஃப்டின் உள் ஆழம், வீட்டு வாசற்கதவு, வண்டியை நிறுத்தி வைக்கப் போகும் மூலை, கார் இருந்தால் அதன் டிக்கி. டிக்கியில் உள்ளே இருக்கும் இடத்தைவிட அதன் வாய்தான் முக்கியம். உள்ளே தாராளமாக இடம் இருந்தும் வாய் குறுகலாக இருந்தால் மடித்த வண்டி நுழையாது. வண்டியின் அகலத்தை இரண்டு பின்சக்கரங்களின் வெளி விளிம்புக்கு விளிம்பு பார்க்க வேண்டும். இருக்கையின் அகலத்தைச் சொல்லி ஏமாற்றிவிடுவார்கள். ஒரு குழந்தைக்கான வண்டிகள் பெரும்பாலும் 45 முதல் 65 சென்டிமீட்டருக்குள் இருக்கும். அந்த இருபது சென்டிமீட்டரில்தான் என் வாழ்க்கை மாட்டிக்கொண்டது. இரட்டைப் பிள்ளைகள் அருகருகே உட்காரும் வண்டி என்றால் 75 சென்டிமீட்டர் வாக்கில் வரும். அதற்கு லிஃப்ட் மட்டுமில்லை, பல கடை வாசல்களும் இடம் கொடுக்காது.

மடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஒரே கையால் மடிக்கலாம்' என்று எல்லா அட்டைப்பெட்டியிலும் போட்டிருக்கிறார்கள். கூர்ந்து கவனித்தால் அந்த ஒரு கையோடு ஒரு பாதமும் ஒரு முழங்காலும் சேர்ந்து வேலை செய்யும். இதைச் சோதிக்க எளிய வழி: உங்கள் கைப்பையில் நாலைந்து தண்ணீர்ப் புட்டியைப் போட்டுக் குழந்தையை இடுக்கிக்கொள்கிற மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொள்ளுங்கள். அதைக் கீழே வைக்காமல் வண்டியை மடித்து, தூக்கி, பத்து அடி நடந்து, மறுபடி விரித்துப் பாருங்கள். விற்பனையாளர் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் உங்களோடு வீட்டுக்கு வரப் போவதில்லை. மடித்ததும் வண்டி தானாக நிற்கிறதா, சுவரில் சாய்க்க வேண்டுமா என்பதையும் பாருங்கள். நிற்காத வண்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கையும் போச்சு.

இந்தத் தூக்கும் தொல்லை ஒன்றும் புதிசில்லை என்று பிறகு படித்தேன். 1733-இல் இங்கிலாந்தில் வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தாராம். அதை ஆடோ மட்டக்குதிரையோ இழுக்கும். பிரபு வீட்டில் தூக்க ஆள் இருந்திருக்கும். நம்மைப் போன்றவர்கள் ஒரு கையில் மடித்துத் தூக்குகிற லேசான வண்டிக்கு 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் தரையிறங்கும் சக்கர அமைப்பில் வேலை செய்த ஓவன் மெக்லாரன் என்ற பொறியாளர், கனத்த பிராமோடு, அதாவது பிள்ளையைப் படுக்க வைத்துத் தள்ளும் பெரிய வண்டியோடு, மகள் விமானப் பயணத்தில் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, அலுமினியக் குழாயில் குடை மாதிரி மடங்கும் வண்டியை 1965-இல் வடிவமைத்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. விமானச் சக்கரத்தை மடிக்கத் தெரிந்தவருக்குக் குழந்தை வண்டியை மடிப்பதா கஷ்டம்? இந்த வகையை இன்றும் அம்ப்ரெல்லா ஸ்ட்ரோலர் என்றுதான் விற்கிறார்கள். எங்களுக்கு அந்த வரிசையைக் கடையில் காட்டவே இல்லை. காட்டினால் அந்த விலைக்கு எதைத் தலையில் கட்டுவது?

லிஃப்ட் சண்டை தாங்க முடியாமல் போன ஒரு நாள் அப்படி ஒரு அம்ப்ரெல்லா வண்டியை இணையத்தில் ஆர்டர் போட்டேன். ஐந்தரை கிலோ. படியில் ஒரு கையில் வண்டி, ஒரு கையில் பிள்ளை என்று இறங்க முடிந்தபோது எனக்குச் சிறகு முளைத்த மாதிரிதான் இருந்தது. மகளுக்கு அப்போது நாலு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே போய்விட்டுத் திரும்பும் வழியில் தூங்கிவிட்டாள் என்று எட்டிப் பார்த்தால், தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் பதிந்து கிடக்கிறது. மூச்சில் 'கொர்' என்று ஒரு சத்தம். நிமிர்த்தி வைத்தால் இரண்டடி போவதற்குள் மறுபடி கவிழ்கிறது. துணியைச் சுருட்டி முட்டுக் கொடுத்தேன். அதுவும் நிற்கவில்லை. கடைசியில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன்.

மறுநாள் குழந்தை டாக்டரிடம் கேட்டபோது அவர் வண்டியின் படத்தைப் பார்த்ததுமே தலையாட்டிவிட்டார். "கழுத்து சரியா நிக்காத பிள்ளைய இதுல உக்கார வைக்காதீங்கம்மா. இது உக்காரத் தெரிஞ்ச பிள்ளைக்கு" என்றார். பிறந்த குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, தலை உடம்புக்குப் பெரியது. சாய்ந்தும் சாயாமலும் உட்கார வைத்தால் தலை முன்னால் விழுந்து மூச்சு வழி மடங்கும். குழந்தை அழுது தெரிவிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இது சத்தமில்லாமல் நடக்கிற விஷயம். ஸ்ட்ரோலர்களுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 1888 என்று ஒரு தரவிதி இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு ஏற்றது என்று விற்கும் இருக்கையில் முதுகுப் பலகைக்கும் உட்காரும் பலகைக்கும் நடுவில் குறைந்தது 150 டிகிரி விரிய வேண்டும் என்கிறது அது. அதாவது கிட்டத்தட்ட மல்லாக்கப் படுத்த நிலை. என் வண்டி அதில் பாதி தூரம்கூடச் சாயாது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் '6 மாதம் முதல்' என்று இருந்தது. இணையத்தில் போட்டிருந்த படத்தில் ஒரு பச்சைக் குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள்.

இதே காரணத்தால்தான் கார் சீட்டைச் சட்டத்தில் மாட்டித் தள்ளிக்கொண்டே போவதும் நெடுநேரத்துக்கு ஆகாது. காரிலிருந்து இறங்கி உள்ளே போய்வரும் வரை சரி. தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசில்லாமல் அதிலேயே மணிக்கணக்கில் விட்டுவிடுகிறோம் பாருங்கள், அதுதான் ஆபத்து. கார் சீட், ஸ்ட்ரோலர் போன்ற உட்காரும் சாதனங்களில் வழக்கமாகத் தூங்க வைக்கக் கூடாது, அதிலும் 4 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளை, என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் அழுத்திச் சொல்கிறது. டிராவல் சிஸ்டம் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் சொல்லும் காரணம், 'பிள்ளையை எழுப்பாமலே காரிலிருந்து வண்டிக்கு மாற்றலாம்' என்பதுதான். நானும் அதைக் கேட்டு மயங்கியவள்தான்.

பெரிய வண்டி லிஃப்டுக்குள் போகாது, சின்ன வண்டியில் பிள்ளையை வைக்க முடியாது. நடுவில் இரண்டு மாதம் நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணி கேரியர்தான் என்னைக் காப்பாற்றியது. முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களிடம் இப்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: பிரசவத்துக்கு முன்பே ஸ்ட்ரோலர் வாங்கியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆரம்ப வாரங்களில் வெளியே போவது குறைவு. எந்தப் பாதையில் போகிறோம், நடந்தா காரிலா, யார் கூட வருவார்கள், எத்தனை படி, இதெல்லாம் பிள்ளை வந்த பிறகுதான் தெரியும். தெரிந்தவர்களிடம் ஒரு வாரம் இரவல் வாங்கித் தள்ளிப் பாருங்கள். அந்த ஒரு வாரம் உங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தை மிச்சப்படுத்தலாம்.

மகள் உட்காரத் தொடங்கியதும் அம்ப்ரெல்லா வண்டியை மறுபடி வெளியே எடுத்தேன். அதிலும் ஒரு பாடம் காத்திருந்தது. எடை குறைந்த வண்டியின் கைப்பிடியில் கனமான பையை மாட்டினால் பாரம் முழுக்கப் பின்னால் போய்விடும். நடைபாதையின் விளிம்பில் ஏற்ற முன்சக்கரத்தைத் தூக்கினேன். பை பின்னால் இழுத்தது. வண்டி பிள்ளையோடு மல்லாக்கச் சாய்ந்தது. என் தொடை குறுக்கே இருந்ததால் தரையில் மோதவில்லை. பட்டையைப் போட்டிருந்ததால் அவளும் வழுக்கி விழவில்லை. தலைகீழாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத்தான் கை நடுங்கி நிற்க வெகுநேரம் ஆனது. பையைக் கீழ்க்கூடையில் வையுங்கள், இல்லை முதுகில் மாட்டுங்கள். கைப்பிடியில் மாட்டும் கொக்கியை இலவசமாகக் கொடுத்தால்கூட வாங்காதீர்கள்.

பட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒரு கால் நடு என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பட்டைதான் வேண்டும். இடுப்பில் மட்டும் பிடிப்பது போதாது. பிள்ளை கீழே சறுக்கிக் கழுத்து மாட்டிக்கொள்ளும். பட்டை முனைகளைப் பூட்டும் பக்கிள் புதிதில் கல் மாதிரி இறுகியிருக்கும். கடையிலேயே பலமுறை போட்டுக் கழற்றிப் பாருங்கள். திமிறுகிற பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் ஐந்து முனையையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பதை மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

பிரேக்கை யாருமே கடையில் சோதிப்பதில்லை. 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஒரு ரயில் நடைமேடையில் நின்ற வண்டி தானாக உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயில் அதை மோதி இழுத்துக்கொண்டு போனது. குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது. அந்தக் காட்சியை வீடியோவில் பார்த்த பிறகு நான் எங்கே நின்றாலும் முதலில் கால் பிரேக்குக்குப் போகும். வண்டியைத் தண்டவாளத்துக்கோ சாலைக்கோ முகம் காட்டி நிறுத்தாமல் பக்கவாட்டில் நிறுத்துவேன். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் தரவிதிப்படி விற்கிற வண்டிகளில் பிரேக் மிதி சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும், கைமணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு வாரும் இருக்க வேண்டும். வேறு இடத்தில் வாங்கினாலும் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள். ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்டிக்கொள்வதுதான் நல்லது. இரண்டுக்கும் தனித்தனி மிதி இருந்தால் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இன்னொன்று, சில பிரேக்கை எடுக்கக் கால்விரலால் மேலே நெம்ப வேண்டும். செருப்புப் போட்ட காலோடு நெம்பிப் பாருங்கள், நகம் பெயர்ந்துவிடும். மிதித்தால் பூட்டும், மறுபடி மிதித்தால் திறக்கும் வகைதான் எனக்கு உசத்தி.

மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். மடங்கும் கீல்களில் பிள்ளைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்களால் 2009-இல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் மெக்லாரன் வண்டிகளுக்குத் திரும்ப அழைப்பு விடுத்து, கீலுக்கு உறை கொடுத்தார்கள். மேலே சொன்ன அதே மெக்லாரன் தொடங்கிய நிறுவனம்தான். பேர் பெற்ற நிறுவனம் என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்று விட்டுவிட முடியாது. கீல்களின் மேல் உறை இருக்கிறதா, விரித்ததும் 'க்ளிக்' என்று பூட்டுகிறதா, பூட்டாமல் பாதியில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள்.

வெயிலுக்குத் துணி போட்டு மூடுவதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்திருக்கிறது எங்கள் வீட்டில். மாமியார் மெல்லிய துணியை ஹூட்டிலிருந்து காலடி வரைக்கும் இழுத்து மூடிவிடுவார். "புள்ளைக்கு வெயில் படுதுல்ல?" என்பார். அவர் அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2014-இல் ஸ்வீடனில் ஒரு நாளிதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணியால் மூடி அரைமணி நேரம் வெயிலில் விட்டால் 34, ஒரு மணி நேரத்தில் 37. துணி வெயிலை மறைக்கிறது, காற்றையும் மறைத்துவிடுகிறது. பிள்ளையின் முகமும் நமக்குத் தெரிவதில்லை. இதைக் காட்டிய பிறகு மாமியாரே துணியைக் கழற்றிவிட்டு, "அப்ப அந்தக் கடைக்காரன் பெரிய ஹூட் வச்ச வண்டியக் குடுத்திருக்கணும்" என்றார். நூற்றுக்கு நூறு சரி. ஹூட் முழங்கால் வரை நீள வேண்டும், பின்பக்கம் வலைத்துணி ஜன்னல் இருக்க வேண்டும். அந்த ஜன்னலின் மூடி வெல்க்ரோவாக இருந்தால், தூங்குகிறாளா என்று எட்டிப் பார்க்க 'பர்ர்ர்' என்று பிரித்த மாத்திரத்தில் எழுந்துவிடுவாள். காந்தப் பொத்தான் வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். சிரிக்காதீர்கள், இது அனுபவம்.

குழந்தை நம்மைப் பார்த்து உட்கார வேண்டுமா, சாலையைப் பார்த்தா? 2008-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசேன் ஸீடிக் இதைக் கவனித்திருக்கிறார். பிள்ளை பெற்றவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் பேச்சு கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருந்ததாம். என் அனுபவமும் அதுதான். முதல் வருஷம் அவள் முகம் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி. ஒரு வயதைத் தாண்டியதும் அவளே திரும்பித் திரும்பி நாயையும் பஸ்ஸையும் தேட ஆரம்பித்துவிட்டாள். இருபக்கமும் திருப்பலாம் என்கிற வசதி எடையையும் விலையையும் ஏற்றும். லிஃப்டும் காசும் இடம் கொடுத்தால் வாங்குங்கள்; இல்லாவிட்டால் குற்ற உணர்ச்சி வேண்டாம், நடுநடுவே நின்று முன்னால் வந்து பேசிவிட்டுப் போங்கள்.

சக்கர விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. காற்றடைத்த டயர் குண்டும் குழியுமான பாதையில் சொகுசாகத்தான் போகும், ஆனால் பஞ்சரானால் பிள்ளையோடு நடுவழியில் நிற்பது நாம். எனக்கு ஆயிற்று. உள்ளே ஃபோம் நிரப்பிய டயருக்குப் பஞ்சரே கிடையாது. தினசரிக்கு அது போதும். கடினப் பிளாஸ்டிக் சக்கரம் வழவழப்பான தரைக்கு மட்டும். எதுவானாலும் கடையில் பத்துக் கிலோ பாரத்தை வைத்து, ஒற்றைக் கையால் எட்டுப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் விட்டுவிடுங்கள். கைப்பிடியின் உயரத்தை வண்டியைத் தள்ளப் போகும் எல்லோரும் பிடித்துப் பார்க்க வேண்டும். நான் குள்ளம், என் கணவர் நெட்டை. எனக்குச் சரியாக இருந்த வண்டியில் அவர் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் பின் அச்சில் காலை இடித்துக்கொண்டே வந்தார். ஓடிக்கொண்டே தள்ளலாம் என்று விற்கும் மூன்று சக்கர வண்டியைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. முன்சக்கரத்தைப் பூட்ட முடிகிற, கைபிரேக் உள்ள வண்டியாக இருந்தாலும் கழுத்தும் முதுகும் உறுதிப்படும் வரை பிள்ளையை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

பெரிய வண்டியை வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் விற்க முடிந்தது. வாங்க வந்த அக்கா தரைவீட்டில் இருப்பவர், பெரிய கார் வைத்திருப்பவர். பூங்காவைச் சுற்றித்தான் தினமும் நடையாம். "ஏம்மா, இவ்வளவு நல்ல வண்டிய ஏன் குடுக்குற?" என்று இரண்டு தடவை கேட்டார். அவருக்கு அது நல்ல வண்டிதான். அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு நான் வாங்கியதும் பழைய வண்டிதான்: ஏழரை கிலோ, முதுகு கிட்டத்தட்ட மல்லாக்கச் சாயும், மடித்தால் தானாக நிற்கும், லிஃப்டுக்குள் விரித்தபடியே போகும். குறை இல்லாமல் இல்லை. கூடையில் ஒரு பால்புட்டியும் இரண்டு டயப்பரும் வைத்தால் நிறைந்துவிடும், சரளைக் கல் பாதையில் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள வேண்டும். இந்த இரண்டையும் தெரிந்தே வாங்கினேன்.

பழைய வண்டி வாங்குவதில் தயக்கம் வேண்டாம், ஆனால் கார் சீட்டைப் பழசாக வாங்காதீர்கள். அது ஒருமுறை விபத்தில் அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. வண்டி என்றால் முதலில் மாடலின் பெயரைத் தேடி, திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சரிவான இடத்தில் பாரத்தோடு நிறுத்திப் பிரேக் போடுங்கள். பட்டையில் எல்லா முனையும் இருக்கிறதா, பக்கிள் தானாகத் திறந்துகொள்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். துணியைக் கழற்றி மடிப்புக்குள் மூக்கை வைத்து முகருங்கள். நனைந்தபடியே மடித்து வைத்த வண்டியில் பூஞ்சை வாடை அடிக்கும், அது எத்தனை துவைத்தாலும் போகாது. முன்சக்கரத்தின் அச்சில் சுற்றியிருக்கும் முடியையும் நூலையும் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு அப்புறம் தள்ளிப் பாருங்கள். விற்கிறவர் 'சக்கரம் கொஞ்சம் இறுக்கம்' என்று சொல்லி விலையைக் குறைத்த எனது வண்டியில் இருந்தது அந்த முடி மட்டும்தான்.